வேலை எங்கே குறைந்தது?

வகுப்பறைக்கு இணையம் வந்தால் ஆசிரியரின் வேலை குறையும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இயற்பியல் நடத்தும் என் அனுபவம் நேர்மாறு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற இணையச் செய்முறைத் தளத்தில் மின்சுற்றைத் திரையிலேயே கட்டலாம். பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்தால் தீப்பிடிப்பதுகூடத் தெரியும். பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே தீ வைப்பார்கள். சரி, வைக்கட்டும். அப்புறம்தான், "மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் என்ன ஆகும்? முதலில் ஊகித்து எழுதுங்கள், பிறகு செய்து பாருங்கள்" என்பேன். இப்படி நாலு கேள்வி தயாரிப்பதற்குள் முந்தைய இரவு போய்விடும். கேள்வி இல்லாமல் விட்டால் அது வெறும் விளையாட்டு. இணையத்தில் தேடி எழுதும் பாடத்திலும் இதே கதைதான்: விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதிய மாணவனிடம், அடியில் உள்ள மேற்கோள்களில் ஒன்றையாவது திறந்தாயா என்று கேட்டால் விழிக்கிறான்.