குயின் கிறிஸ்டினா வெறும் காதல் படம் இல்லங்க

1933ல வந்த குயின் கிறிஸ்டினா பத்தி யார் எழுதினாலும் "காதலுக்காக கிரீடத்தையே தூக்கிப் போட்ட ராணியோட கதை"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க, இதப் படிக்கிறப்பல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. கதைய அப்படித்தான் எழுதியிருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ராணியா வர்ற கிரேட்டா கார்போ நடிச்சிருக்கிறது வேற கதை. அந்த ராணி தன் காதலனா வரப்போற ஸ்பெயின் தூதரைப் பாக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த அரண்மனைய விட்டு மனசால கிளம்பிட்டா, அது முதல் அரை மணி நேரத்துலயே அவங்க நடையில தெரியுது.

நிஜ கிறிஸ்டினாவை கொஞ்சம் தெரிஞ்சுகிட்டா இது இன்னும் நல்லா புரியும். அப்பா குஸ்தாவ் அடால்ஃப் 1632ல லூட்சன் போர்க்களத்துல செத்தப்போ குழந்தைக்கு ஆறு வயசு கூட முடியல, அப்பவே ஸ்வீடனுக்கு ராணி. சான்சலர் (தலைமை அமைச்சர் மாதிரி) ஆக்ஸன்ஸ்டியர்னாதான் அரசியல் சொல்லிக் குடுத்து வளர்க்கறார். பெரியவளானதும் எல்லாரும் சேர்ந்து கல்யாணம் பண்ணு, வாரிசு குடுன்னு நச்சரிக்க, அவ பண்ணின வேலையப் பாருங்க, தான் கட்டிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, எந்த மாப்பிள்ளைய காட்டினாங்களோ அதே அத்தை மகன் கார்ல் குஸ்தாவையே 1649ல தனக்கு அடுத்த வாரிசா அறிவிக்க வெச்சுட்டா! அதே வருஷம் தத்துவம் படிக்கணும்னு பிரெஞ்சு தத்துவஞானி டெகார்த்தை ஸ்டாக்ஹோமுக்கே வரவழைச்சு விடியக்காலை அஞ்சு மணிக்கு பாடம் கேட்டிருக்கா (பாவம் மனுஷன் அந்தக் குளிர்ல 1650 பிப்ரவரியில போய்ச் சேர்ந்துட்டார்). 1654ல உப்சாலாவுல முடி துறந்தா, அடுத்த வருஷம் ஆஸ்திரியாவுல இருக்கிற இன்ஸ்ப்ரூக்ல வெளிப்படையா கத்தோலிக்கரா மாறினா, அப்புறம் ரோம்ல வாழ்ந்து 1689ல அங்கயே இறந்து செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துல அடக்கம். புராட்டஸ்டன்ட் நாட்டுல கத்தோலிக்க ராணி அரியணையில இருக்கவே முடியாது. மதம், கல்யாண வெறுப்பு, படிப்பு மேல இருந்த பசின்னு இத்தனை காரணம் இருக்க, ஹாலிவுட் அதையெல்லாம் ஓரங்கட்டிட்டு ஒரு ஆம்பளைய காரணமா நிறுத்திடுச்சு. இதுல எனக்கு உண்மையிலயே வருத்தம்தான்.

ஆனா இயக்குனர் ரூபன் மமூலியனும் கார்போவும் அந்த வரிகளுக்கு நடுவுல நிஜ கிறிஸ்டினாவை கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. ஆம்பளை உடுப்புல தடதடன்னு படியேறி வர்றது, பனிக்கட்டிய அள்ளி மூஞ்சியில தேய்ச்சுக்கறது, தோழி எப்பாவை உதட்டுல முத்தமிடறது (ஹாலிவுட் தணிக்கை விதிகள் 1934ல இறுகறதுக்கு முன்னாடி வந்த படம், அதனாலதான் அது தப்பிச்சுது). கல்யாணமாகாத கிழவியா சாகக் கூடாதும்மான்னு சான்சலர் கெஞ்ச, "அந்த எண்ணமே இல்ல, நான் கட்டை பிரம்மச்சாரியா சாவேன்"ங்கிற மாதிரி சொல்லிட்டு விருட்டுன்னு போயிடுவாங்க பாருங்க, அந்த ஒரு இடத்துலயே கதை முடிவாயிடுது. போர் வேணும்னு கத்தற சபையில தனியா நின்னு போதும் இந்த சாவுன்னு பேசறது நிஜ கிறிஸ்டினாவுக்கும் பொருந்தும், 1648ல முப்பதாண்டுப் போர் முடியணும்னு அவளும் அழுத்தம் குடுத்தவதான்.

சரி, சத்திரம். பனியில மாட்டிக்கிட்டு தூதர் அன்டோனியோவோட ஒரே ரூம்ல தங்க வேண்டி வருது, அவருக்கு இவ பொண்ணுன்னே முதல்ல தெரியாது. அப்புறம் அந்த ரூமுக்குள்ள கார்போ மெதுவா நடந்து சுவர், நூல் நூக்கற ராட்டை, தலகாணி, கட்டில் கால்னு ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க, வசனமே கிடையாது, என்ன பண்றேன்னு அவர் கேட்டா இந்த ரூமை மனப்பாடம் பண்றேன்னு பதில். மமூலியன் ஒரு மெட்ரோனோம் (சீரா தாளம் தட்டற கருவி) தாளத்துக்கு அவங்களை நடக்க வெச்சு எடுத்தாராம், அதான் அது நடனம் மாதிரி இருக்கு. எல்லாரும் இதை காதலோட உச்சம்னு சொல்வாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, பொறந்ததுலேர்ந்து யாரோ பாத்துக்கிட்டே இருக்கிற ஒருத்திக்கு முதல் தடவையா யாரும் பாக்காத நாலு சுவர் கிடைச்சிருக்கு, அந்த சந்தோஷம் அது. அவர் அதுல ஒரு பாதிதான்.

அன்டோனியோவா ஜான் கில்பர்ட். பேசும் படம் வந்ததும் சரிஞ்சுபோன மௌனப்பட ஸ்டார், ஒரு காலத்துல கார்போவோட காதலர். இந்த வேஷத்துக்கு நடிகர் லாரன்ஸ் ஒலிவியரை முதல்ல போட்டுட்டு அப்புறம் மாத்தினாங்க, கில்பர்ட் வேணும்னு பிடிவாதமா நின்னது கார்போ. நல்லா பண்ணியிருக்கார், ஆனா ஒவ்வொரு ஷாட்லயும் அவங்கதான் பெரிசா தெரியறாங்க.

அரண்மனை சூழ்ச்சி பக்கம்தான் படம் இளைச்சுப் போகுது. ராணி மேல ஆசை வெச்சிருக்கிற அரண்மனை பிரபு கவுன்ட் மாக்னஸ் பொறாமையில ஊரைத் தூண்டி விடறதும் ஸ்பெயின்காரன் ஒழிகன்னு கூட்டம் வர்றதும் எந்த ராஜா ராணி படத்துலயும் பாத்ததுதான். ஆனா அந்தக் கூட்டம் உள்ள நுழையறப்போ காவலர்களை ஒதுக்கிட்டு தன்னந்தனியா மாடிப்படியில நின்னு, உங்க தொழிலை நீங்க பாருங்க, ஆள்றது என் தொழில்ங்கிற மாதிரி பேசி அனுப்புவாங்களே, ஆஹா! இவ்வளவு நல்லா ஆளத் தெரிஞ்ச ஒருத்தி அதை வேணாம்னு சொல்றா, அதுலதான் அந்த முடிவோட கனமே இருக்கு.

கடைசியில மாக்னஸோட வாள் சண்டையில அன்டோனியோ அடிபட்டு கப்பல்ல அவ கையிலயே செத்துடறார். காதலுக்காக மட்டும்தான் முடி துறந்தான்னா அந்த நிமிஷமே கப்பலைத் திருப்பியிருக்கலாமே, கரை பக்கத்துலதான இருக்கு, ஜனங்க போகாதேன்னு அழுது கெஞ்சினாங்களே. அவ திருப்பல, பாய் விரிச்சுப் போகச் சொல்றா. வெறும் காதல் படம்னு சொல்றவங்க இந்த இடத்தை எப்படிப் பாக்கறீங்கன்னு எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும், கமெண்ட்ல வாங்க பேசலாம்.