சின்ன ரூமுக்குச் சின்ன சப் போதும் என்பது தப்புக் கணக்கு

"பத்துக்குப் பன்னிரண்டு ரூம்தானே சார், எட்டு இன்ச் சப்பே அதிரும்." ஹோம் தியேட்டருக்குச் சப்வூஃபர், அதாவது கீழ் பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி, கேட்டுக் கடையில் ரூம் அளவைச் சொன்னதும் வருகிற பதில் இதுதான். அதிரும், உண்மை. ஆனால் அந்த அதிர்வு 50, 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு இத்தனை அதிர்வு, எண் குறையக் குறையச் சுருதி கீழே) வருகிற தொம் தொம். படத்தில் இடி இறங்கும்போது, கட்டடம் சரியும்போது அடியில் ஓடுகிற 25, 30 ஹெர்ட்ஸ் அதில் அநேகமாக இருக்காது. பட்ஜெட்டில் ஹோம் தியேட்டர் போடுகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: ஸ்பீக்கர் எண்ணிக்கையைக் குறையுங்கள், அந்தக் காசைச் சப்பில் போடுங்கள். சாதாரண வீட்டு ரூமுக்கு உருப்படியான பத்து இன்ச் சப்பில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இடமும் காசும் இருந்தால் பன்னிரண்டு.

சப்பின் வேலை காற்றைத் தள்ளுவது. காற்றைத் தள்ளுகிற கூம்புதான் கோன். எட்டு இன்ச் கோனின் பரப்பு சுமார் 215 சதுர சென்டிமீட்டர். பத்து இன்ச்சுக்கு 340, பன்னிரண்டுக்கு 500 பக்கம். கோன் முன்னும் பின்னும் ஆடுகிற தூரமும் பெரிய டிரைவரில் (கோனும் அதை ஆட்டும் காந்தமும் சேர்ந்த பாகம்) பொதுவாக அதிகம். எட்டு இன்ச் ஒரு பக்கம் 6 மில்லிமீட்டர் ஆடினால் தள்ளுகிற காற்று 0.13 லிட்டர். பன்னிரண்டு இன்ச் 10 மில்லிமீட்டர் ஆடினால் அரை லிட்டர். ஏறக்குறைய நாலு மடங்கு, அதாவது 12 டெசிபல் வித்தியாசம். ஆம்பில் வாட்ஸ் கூட்டி இதை ஈடுகட்டப் பார்த்தால் 16 மடங்கு பவர் வேண்டும், அதற்கு முன்பே கோன் தன் எல்லையில் போய் இடித்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மூடிய பெட்டியில் 60 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் ஆடுகிற கோன், அதே சத்தத்தை 30 ஹெர்ட்ஸில் தர 8 மில்லிமீட்டர் ஆட வேண்டும். கீழே போகப் போக நம் காதும் மந்தமாகிறது. 20 ஹெர்ட்ஸ் காதில் விழத் தொடங்கவே 78 டெசிபல் தேவை. சின்ன சப்பால் அந்த இடத்துக்கு எட்ட முடியாது. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் கீழ் பேஸை வெட்டிவிட்டு 50, 60இல் ஒரு மேட்டை ஏற்றி "பவர்ஃபுல் பேஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

அதற்காக இன்ச்சை மட்டும் பார்த்து வாங்கினாலும் ஏமாற்றம்தான். பன்னிரண்டு இன்ச் டிரைவரை 13 இன்ச் சதுரப் பெட்டிக்குள் அடைத்து விற்பதைப் பார்க்கலாம். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் அடித்த பெட்டி என்றால் உள்ளே மிஞ்சுவது 25 லிட்டர். சாதாரண டிரைவருக்கு அந்தக் காற்று போதாது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்து நிறுத்தும், கீழ் பேஸ் வெட்டுப்பட்டு நடுவில் ஒரு தொம் மட்டும் மிஞ்சும். போர்ட் (பெட்டியில் காற்று வந்துபோகும் குழாய்த் துளை) வைத்த பன்னிரண்டு இன்ச்சுக்கு ஒன்றரை அடி நீள அகல உயரமாவது இருக்க வேண்டும். அந்த இடம் டிவி பக்கத்தில் இல்லையென்றால் நல்ல பத்து இன்ச்சே மேல்.

வாங்கும்போது பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக 'டக்' என்று வர வேண்டும், தகர டப்பா மாதிரி முழங்கக் கூடாது. பிஎம்பிஓ வாட்ஸைக் (கண நேர உச்சத்தைக் காட்டி ஊதிய எண்) கண்டுகொள்ளாதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) கேளுங்கள். பத்து இன்ச்சுக்கு 150 முதல் 200 வாட்ஸ் ஆர்எம்எஸ் நிம்மதி. 100க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல் என்பதால் இரண்டு மாடலில் பெட்டி பெரியதாக உள்ளதை எடுங்கள். "25 ஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருந்தால் பக்கத்தில் பிளஸ் ஆர் மைனஸ் 3 டெசிபல் என்று இருக்கிறதா பாருங்கள். சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று சொல்வது அதுதான், அது இல்லாத எண்ணை நம்ப வேண்டாம்.

போர்ட்டா, துளையே இல்லாமல் மூடிய சீல்டா? படம்தான் அதிகம் என்றால் போர்ட். அதே டிரைவர், அதே ஆம்பில் 25, 30 ஹெர்ட்ஸில் கூடுதல் சத்தம் கிடைக்கும். ஆனால் போர்ட் டியூனிங்குக்குக் (போர்ட் கைகொடுக்கும் சுருதி) கீழே சத்தம் ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல் வீதம் சரியும், கோனுக்குப் பிடிமானமும் போய்விடும். சீல்டில் சரிவு 12தான். நம் ஊர் செங்கல், கான்கிரீட் ரூமில் கதவைச் சாத்தினால் ரூமே கீழ் பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மூடக்கூடிய பத்துக்குப் பத்து ரூமில் சீல்டு நன்றாகவே வேலை செய்யும்.

ரூம் அளவு என்றதும் சோபா போட்ட இடத்தை மட்டும் அளக்கிறார்கள். ஹால் 12க்கு 15, உயரம் 10 என்றால் 1,800 கன அடி. கதவில்லாமல் அதோடு சேர்ந்த டைனிங் 10க்கு 10 இருந்தால் இன்னும் 1,000. சப் நிரப்ப வேண்டியது மொத்தம் 2,800 கன அடி. அங்கே எட்டு இன்ச் காணாமல் போகும். பன்னிரண்டு இன்ச் போர்ட்டட் போடுங்கள்.

இதற்கு நேர் எதிர் பிரச்சினை பெட்ரூமில். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே உள்ள சுவர்களுக்கு நடுவே சத்தம் மோதித் திரும்பித் தேங்கி நிற்கும், அதுதான் நிலை அலை. அதில் முதலாவது 56 ஹெர்ட்ஸில் எழும். 10க்கு 10 ரூம், உயரமும் 10 என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே 56இல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். எந்தப் படம் போட்டாலும் ஒரே சுருதியில் தொம் தொம் என்று கேட்பது இதனால்தான். "பெரிய சப் வாங்கினேன், ஒரே இரைச்சல்" என்று அதைக் குறை சொல்லிச் சின்னதுக்கு மாற்றுகிறார்கள். மாற்றியும் 56 அங்கேயேதான் இருக்கும், ஏனென்றால் அது ரூமின் சத்தம். மாற்ற வேண்டியது சப் இருக்கும் இடமும் நீங்கள் உட்காரும் இடமும். தலை பின்சுவரை ஒட்டியிருந்தால் அந்தத் தொம் வீங்கிக் கேட்கும். ரூமின் நட்டநடுவில் இருந்தால் அதே பேஸ் வற்றிப்போகும். ஒன்றரை அடி முன்னே நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு, காசு செலவில்லை. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும் டோனை ஓடவிட்டு, சுவரோரம் தரையில் தலையைத் தாழ்த்தித் தவழ்ந்து போய்க் கேளுங்கள். சத்தம் அதிகம் உள்ள மூலையை விடுங்கள், எல்லாச் சுருதியும் ஒரே சீராகக் கேட்கிற இடத்தில் சப்பை வையுங்கள். பின்பக்கம் போர்ட் இருந்தால் சுவரில் இருந்து அரை அடியாவது தள்ளி வைக்க வேண்டும், ஒட்டி வைத்தால் காற்று புஸ் புஸ் என்று சீறும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப் பெட்டி) நீங்கலாக ஸ்பீக்கருக்கு 45,000 ரூபாய் இருக்கிறது என்றால் 15,000 முதல் 18,000 வரை சப்புக்கு ஒதுக்குங்கள். மீதியில் முன்பக்கம் இரண்டும் சென்டர் ஒன்றும் வாங்கி 3.1 (மூன்று ஸ்பீக்கர், ஒரு சப்) ஆக ஆரம்பியுங்கள். பின் ஸ்பீக்கர் ஆறு மாதம் கழித்து வரட்டும். மூன்று இன்ச் குட்டி ஸ்பீக்கர்களோடு ஐந்தும் சேர்த்து வாங்கினால் அவை 120, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாடாது. ஆண் குரலின் கனத்தையே சப் சுமக்க வேண்டிவரும், சத்தம் எந்த மூலையில் இருந்து வருகிறது என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இணைத்ததும் ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள சத்தம் சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுதாக ஏற்றிவிடுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். வால்யூம் திருகைப் பாதியில் வைத்து ஆட்டோ கேலிபரேஷன் (ரிசீவர் மைக்கால் அளந்து தானே லெவல் சரிசெய்வது) ஓட்டுங்கள். ரிசீவர் சப் லெவலை மைனஸ் 12இல் கொண்டுபோய் நிறுத்தினால் அதற்குக் கீழே போக வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். சப்பின் திருகைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பிறகு 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஃபேஸ் சுவிட்சை (சப் மற்ற ஸ்பீக்கரோடு சேர்ந்து ஆடுகிறதா, எதிராகவா என்று மாற்றுவது) 0, 180 என மாற்றி, சோபாவில் எதில் சத்தம் கூடுதலோ அதில் விடுங்கள்.

கடைசியாக ஒரு 30 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு ரூமைச் சுற்றி வாருங்கள். பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி எல்லாம் கிலுகிலுக்கும். ஒவ்வொன்றிலும் கையை வைத்து அழுத்திப் பாருங்கள், எது நிற்கிறதோ அதற்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் ஷீட் செருகுங்கள்.