கேமராவைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்குப் போனா டி சிகாவா?

அந்தக் குறும்பட விழா வீடியோ உங்கள் டைம்லைனுக்கும் வந்திருக்கும். இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவைப் பற்றி மேடையில் ஒருவர் பேசுகிறார்: "டி சிகாகிட்ட என்ன இருந்துச்சு? ஒரு கேமரா, ஒரு தெரு, நடிக்கத் தெரியாத நாலு பேர். அவ்வளவுதான்." கைதட்டல் வேறு.

அவ்வளவுதான் இல்லை சார்.

1948-இல் வந்த அவருடைய 'பைசைக்கிள் தீவ்ஸ்' திரைக்கதைக்கு, எழுத்தாளர் சவாட்டினி, டி சிகா உட்பட ஏழு பேர் பெயர் டைட்டிலில் ஓடும். ரோம் நகரின் போர்ட்டா போர்ட்டேஸே சந்தையில் கொட்டும் மழை தீயணைப்புப் படையின் குழாயிலிருந்து வந்தது. (மழைக்கு ஒதுங்கி நிற்கும், பாதிரியார் படிப்புப் படிக்கும் மாணவர்களில் ஒருவராக நடித்தவர், பின்னாளில் கௌபாய் படங்கள் எடுத்த செர்ஜியோ லியோனி!) குரல்கள் பிறகு டப்பிங்கில் சேர்ந்தவை. டி சிகாவே 1930-களில் இத்தாலியின் காதல் நாயகன். நடிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொன்றையும் தானே நடித்துக் காட்டத் தெரிந்தவர்.

டி சிகாவின் 'உம்பெர்த்தோ டி' (1952) சமையலறைக் காட்சியைப் பாருங்கள். விடிகாலை. வேலைக்காரப் பெண் தீக்குச்சியைச் சுவரில் உரசி அடுப்பு மூட்டுகிறாள். சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீர் விட்டு விரட்டுகிறாள். தன் வயிற்றைப் பார்க்கிறாள், கர்ப்பம். காப்பிக்கொட்டை அரைக்கும்போது கண் கலங்குகிறது. உட்கார்ந்தபடியே காலை நீட்டி, விரல் நுனியால் கதவைச் சாத்துகிறாள். இதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் எடுத்தால், ஐந்து நிமிடம் ஒருத்தி சும்மா நடப்பாள். கேட்டால் யதார்த்தமாம். இங்கே கைக்கும் காலுக்கும் வேலை யோசித்து வைத்திருக்கிறார்கள் சார்.

"காசில்லாமதானே தெருவுக்குப் போனார்?" என்பீர்கள். 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுக்க அமெரிக்கத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார், ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்ட்தான் நாயகன் என்றார். டி சிகா மறுத்துவிட்டார். "பிற்காலத்தில் கண்ட படத்திலெல்லாம் நடித்தாரே?" நடித்தார். சூதாட்டக் கடன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அந்த "நடிக்கத் தெரியாத நாலு பேர்" என்ற இளக்காரம்தான் தாங்க முடியவில்லை. 'பைசைக்கிள் தீவ்ஸ்' நாயகன் மஜ்ஜொரானி, பிரேடா தொழிற்சாலைத் தொழிலாளி. தன் பையனை ஆடிஷனுக்கு அழைத்து வந்தவரையே டி சிகா பிடித்துக்கொண்டார். சம்பளம் 6 லட்சம் லிரா. படம் முடிந்து வேலைக்குத் திரும்பினார். ஆலையில் ஆட்குறைப்பு. சினிமாவில் கோடி கோடியாய்ச் சம்பாதித்திருப்பான் என்று அவரையே முதலில் அனுப்பினார்கள். பிறகு செங்கல் வேலைக்கும் போனார்.

மேடையில் இதை ஒருத்தரும் பேசவில்லை. "லோக்கல் ஆளுங்களை வெச்சே எடுத்தோம், ஒரு பைசா வாங்கலை" என்று அடுத்தவர் பெருமையடித்தார்.

அதற்கும் கைதட்டினார்கள்.