எனக்கு நல்லாத்தானே தெரியுது!

நேற்றைய கூத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் மெய்ப்புப் பார்க்கும் இதழின் புதிய இணையதளத்தில் மெய்யெழுத்துப் புள்ளி சரியாகத் தெரியவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதினேன். வடிவமைத்த தம்பி தன் மேக்புக்கில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, “எனக்கு நல்லாத்தானே தெரியுது, கண்ணாடியை மாத்துங்க சார்” என்றார். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு. கவனித்துக்கொண்டேன்.

தம்பி, உங்கள் திரையில் தெரிவது உங்கள் திரையில் தெரிவது மட்டும்தான். ஸ்கிரீன்ஷாட் என்பது உங்கள் மேக் வரைந்து முடித்த படம். அதே எழுத்துருவை என் கணினி வேறு மாதிரி வரைகிறது.

எழுத்துருக் கோப்பில் இருப்பது வெறும் கோட்டு வடிவம். அதைத் திரையின் பிக்சல் என்னும் குட்டிக் கட்டங்களுக்குள் உட்கார வைக்க வேண்டும். 96 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 பிக்சல், உள்ள திரையில் 14 பிக்சல் எழுத்து என்றால், ஒரு கோட்டுக்கு ஒரு பிக்சல் கிடைப்பதே பெரிய விஷயம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்தால் சாம்பலாகக் கரைந்துவிடும். எந்தக் கோடு எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று எழுத்துருவுக்குள் எழுதி வைப்பதுதான் ஹின்டிங். விண்டோஸ் அதைக் கேட்கும். மேக் ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. கட்டங்கள் மிக நெருக்கமாக இருக்கும் ரெட்டினா திரையில் அதனால் நஷ்டமும் இல்லை. லினக்ஸில் முழுமை, நடுத்தரம், மெல்லியது, எதுவுமில்லை என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று, தளத்தோடு இறங்கும் எழுத்துருவான வெப்ஃபான்ட்டிலிருந்து ஹின்டிங்கையே உருவி எடுத்துவிட்டால் விண்டோஸ் எதைக் கேட்கும்? இந்தத் தளத்தில் நடந்திருப்பது அதுதான். போதாததற்கு எழுத்தின் எடை, அதாவது கோட்டின் தடிமன், மெல்லிய 300. நிறம் வெளிர்சாம்பல்.

என் திரையில் ‘வீடு’ என்பது ‘விடு’ என்று தெரிகிறது. ஈகாரத்தின் சுழி அடைத்துக்கொள்கிறது. ‘கோடு’ எது, ‘கொடு’ எது என்று வாக்கியத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். புள்ளியோ ஏதோ தூசி மாதிரி இருக்கிறது.

அப்புறம் “சரி பண்ணிட்டேன்” என்று தம்பி தளத்தின் நிரலில் ஒரு வரி சேர்த்தாராம். எழுத்தின் ஓரங்களை மழுப்பும் ‘வெப்கிட் ஃபான்ட் ஸ்மூதிங்’. அது மேக்கில் மட்டும்தான் வேலை செய்யும், அங்கும் எழுத்தை இன்னும் மெலிய வைக்கும். நோய் எனக்கு, மருந்து அவருக்கு.

நான் மெய்ப்புப் பார்க்கப் பழகிய அச்சகத்தில் ஓர் அண்ணாச்சி இருந்தார். பழைய குண்டு மானிட்டர். “திரையைப் பார்த்துத் திருத்தாதே தம்பி, பிரிண்ட் எடு” என்பார். லேசர் பிரிண்டர் 600 டிபிஐ, புள்ளி புள்ளியாகவே விழும். தன் திரையை நம்பக்கூடாது என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. அவர் யாரையும் கண்ணாடி மாற்றச் சொன்னதில்லை.

“ஜூம் பண்ணிக்கலாமே” என்பீர்கள். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். “ஹின்டிங்கின் காலம் முடிந்துவிட்டது” என்று ஒருவர் பாடம் எடுத்தார். 4கே திரையில் முடிந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். என் மேசையில் முடியவில்லையே! உங்கள் மேக்கையே ஒரு சாதாரண 1080 மானிட்டரில் செருகிப் பாருங்கள். பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்கும் சப்பிக்சல் முறையை 2018இல் மேக்கின் மொஹாவே பதிப்பில் ஆப்பிள் கைவிட்டபோது மேக்காரர்களே புலம்பினார்கள். அவர்களிடம் யாரும் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை.

“அப்படின்னா நல்ல திரை வாங்குங்க.” இதுதான் சுருக்கென்று தைத்தது. வாங்கலாம். இதழுக்கு மெய்ப்புப் பார்ப்பதற்கு எனக்கு என்ன தருகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? இதழை வாசிப்பவர்கள் எல்லோரும் மேக்புக்கோடு காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்களா? பள்ளிக்கூடத்துக் கணினி அறையிலும், மதிய நேரத்து அலுவலகத்திலும், பிள்ளைகள் ஒதுக்கிய பழைய லேப்டாப்பிலும்தான் பாதிப் பேர் வாசிக்கிறார்கள். அவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள். பேசாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போவார்கள். சொல்ல வந்தவனுக்குக் கிடைத்த மரியாதையைத்தான் எல்லோரும் பார்த்தீர்களே.

எடையை வழக்கமான 400 ஆக்கி, நிறத்தைக் கறுப்பாக்கி, ஹின்டிங் உள்ள கோப்பைப் போட்டு, ஒரு சாதாரண விண்டோஸ் திரையில் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஸ்கிரீன்ஷாட்டில் அம்புக்குறியெல்லாம் வரைந்த நேரம்கூட ஆகாது.

அடுத்த இதழுக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும்படி ஆசிரியர் காலையில் செய்தி அனுப்பியிருக்கிறார். யாருடைய திரையில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை.