ஊமை ராணிக்கு யார் குரல் கொடுப்பது?

'பொன்னியின் செல்வன்' படம் வந்து இத்தனை நாளாகியும் "நாவல்ல இருக்கிற மாதிரி இல்லையே" என்ற புலம்பல் ஓயவில்லை. கூடவே, "ஒலிநூல் கேளுங்க, வரி மாறாம அப்படியே இருக்கும்" என்று ஒரு பரிந்துரை. வரி மாறாமல் வாசித்தாலும் கதை அப்படியே வந்து சேராது.

முதலில் கணக்கு. கல்கி எழுதிய இந்தச் சோழர்கால நாவல் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். ஐந்து பாகம், 293 அத்தியாயம். அத்தியாயத்துக்கு 15 நிமிடம் என்றாலே 73 மணி நேரம். 2022, 2023இல் வந்த இரண்டு படங்களும் சேர்த்து சுமார் ஐந்தரை மணி நேரம்தான். கத்திரி போடாமல் முடியாது.

இப்போது நாவலில் வரும் பேச முடியாத பெண்ணான ஊமை ராணியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அனுராதபுரத்து வீதியில் எதிர்ப்பக்கம் நின்று சைகையால் சோழ இளவரசர் அருள்மொழியை அழைக்கிறாள். அவர் நகர்ந்ததும் கட்டடம் இடிந்து விழுகிறது. பார்த்துக்கொண்டிருந்த கதாநாயகன் வந்தியத்தேவனுக்கோ அவள், சோழர்களைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினி மாதிரியே தெரிகிறாள். படத்துக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி: இரண்டு வேடத்துக்கும் ஐஸ்வர்யா ராய், ஒரு குளோஸ்அப், முடிந்தது. ஆனால் இருவருக்கும் என்ன தொடர்பு என்று கல்கி பல அத்தியாயங்களுக்கு இழுத்த சந்தேகமும் அந்த ஒரு நொடியிலேயே செலவாகிவிடுகிறது. ஒலியில் நேர் எதிர். இடியும் சத்தம் போடுவது சுலபம். பேசாதவளின் சைகைக்கும் முகச்சாயலுக்கும் சத்தமே கிடையாது. கதைசொல்லியின் வரிகளை வெட்டிவிட்டு வெறும் நாடகமாக நடிக்கும் பதிப்புகள் தடுக்கி விழுவது இங்கேதான். கல்கியின் கதைசொல்லியும் ஒரு பாத்திரம், அவருக்கென்று தனிக்குரல் வேண்டும்.

ஒரே ஆள் வாசிப்பதில் வேறு தொல்லை. கல்கியின் உரையாடல்களில் பல இடங்களில் "என்றான்", "என்றாள்" இருக்காது. கண்ணுக்கு மேற்கோள்குறி போதும். காதுக்கு நாலாவது வசனத்திலேயே யார் பேசுகிறார் என்பது நழுவிவிடும். பழுவேட்டரையர் சகோதரர்கள் இருவரும் வாதாடும் இடத்தில் கேட்கவே வேண்டாம். ஒலிப்பதிவுக்கு முன்பே பிரதியில் ஆளுக்கொரு வண்ணம் அடித்து, பெரியவருக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குரலைத் தடிமனாக்கினால் ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். பதிவு மாதக்கணக்கில் நீளும். முதல் நாள் பதிவில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரை நிமிட மாதிரியை எடுத்துவைத்து, தினமும் அதைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்காவிட்டால், மூன்றாம் பாகத்தில் வைணவ ஒற்றர் ஆழ்வார்க்கடியான் வேறு ஆளாகிவிடுவார்.

படத்தின் வெட்டுகளில் கடம்பூர் இளவரசி மணிமேகலை போனதைத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய இழப்பு சேந்தன் அமுதன். நாவலில் பூக்கட்டும் அந்தச் சிவபக்தனே உண்மையான மதுராந்தகன், அதாவது கண்டராதித்த சோழரின் மகன்; அந்தப் பெயரில் அரண்மனையில் வளர்ந்து மகுடத்துக்குச் சதி செய்பவன் வேறொருவன். அருள்மொழி விட்டுக்கொடுக்கும் மகுடம் அரசாசையே இல்லாத ஒருவன் தலையில் ஏறுகிறது. படம் அந்த ஆள்மாறாட்டத்தைத் தூக்கிவிட்டது. வரலாற்றில் உத்தம சோழனாக முடிசூடியவன் கண்டராதித்தரின் மகன்தான், ஆள்மாறாட்டம் எதுவும் இல்லை; அந்த வகையில் வரலாற்றுக்குப் படமே பக்கம், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் மகுடம் அதற்காகச் சதி செய்தவனிடமே போகிறது. சேந்தன் அமுதனோ வருகிறான், போகிறான். நாவல் படிக்காதவர்களிடம் அவன் யாரென்று கேட்டுப் பாருங்கள்.