ஆயாவின் வேப்பங்கொட்டைக் கரைசலுக்குச் சாட்சி யார்?

போன ஞாயிற்றுக்கிழமை வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊத்தினோம். தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். கூழ் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், சித்தப்பாவுக்கும் காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகனுக்கும் பேச்சு முற்றிவிட்டது.

"அமெரிக்காக்காரன் வேப்பமரத்துக்கே பேடண்ட் வாங்கிட்டான். நம்ம முன்னோருங்க விமானம் வரைக்கும் எப்பவோ கண்டுபிடிச்சவங்க" என்றார் சித்தப்பா. "சின்ன தாத்தா, வேப்பிலை கட்டுறது வெறும் நம்பிக்கை. அதுல அறிவியல் எதுவும் இல்ல" என்றான் இவன். இரண்டு பேரும் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. சாமி கும்பிட வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

மரத்துக்கு யாரும் பேடண்ட், அதாவது காப்புரிமை வாங்கவில்லை. வேப்பெண்ணெயால் பயிர்களில் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு முறைக்குத்தான் டபிள்யூ.ஆர்.கிரேஸ் என்ற அமெரிக்க நிறுவனமும் அமெரிக்க விவசாயத் துறையும் சேர்ந்து 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. சூழலியலாளர் வந்தனா சிவா உள்ளிட்டவர்கள் எதிர்த்து மனு போட்டார்கள். 2000-ல் அது ரத்தானது, மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. அங்கே எடுபட்டது புராணம் இல்லை. அதே மாதிரிப் பொருளைப் பல வருடங்களுக்கு முன்பே தயாரித்துவந்த இந்தியத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் கொடுத்த சாட்சியம்.

மஞ்சள் விஷயம் இன்னும் வயிறெரிய வைப்பது. புண் ஆற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. கால் விரலை இடித்துக்கொண்டால் நம் வீட்டில் முதலில் தேடுவதே மஞ்சள் டப்பாவைத்தான். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால் செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். அதனால் நம் மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 32 ஆவணங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தது. பழைய சமஸ்கிருத நூல்களும் இருந்தன, 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. 1997-ல் காப்புரிமை ரத்து.

சித்தப்பா, அதனால்தான் சொல்கிறேன். மஞ்சளையும் விமானத்தையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள். ஒன்றுக்கு ஆதாரம் இருக்கிறது. இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தால், கேட்பவன் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவான்.

தம்பி, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் கொள்ளுப்பாட்டியை, எங்கள் ஆயாவை, நீ பார்த்ததில்லை. வேப்பங்கொட்டையை நிழலில் காயவைத்து, தோல் நீக்கி, உரலில் இடிப்பாள். அந்தத் தூளைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவாள். விடிந்ததும் பால் மாதிரி வரும்வரை பிழிந்து, கொஞ்சம் சோப்புக் கரைத்து, கழனியில் கத்தரிச் செடிக்குத் தெளிப்பாள். சாயங்காலம்தான் தெளிப்பாள், வெயிலில் தெளித்தால் வீணாகிவிடும் என்று. இன்றைக்கு வேளாண் பல்கலைக்கழகம் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் என்று சிபாரிசு செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். வேப்பங்கொட்டையில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் வெயில் பட்டால் சிதைந்துவிடும் என்பதும் ஆய்வில் தெரிந்ததே. ஆயாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் செய்து, பார்த்து, திருத்திக்கொண்டாள். இதை அறிவியல் இல்லை என்று எப்படிச் சொல்வாய்? அந்த மரத்தை வெட்டாமல் வைத்திருந்தது அம்மன் மேல் இருந்த பக்திதான், அதையும் மறந்துவிடாதே.

காப்புரிமையே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. புதிதாகக் கண்டுபிடித்தவனுக்குப் பலன் கிடைக்கட்டும். ஆனால் அவனும் நிரூபிக்க வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ல் கேட்டதும் அதைத்தான்: இந்தப் புதிய வடிவம் பழையதைவிட நன்றாகக் குணப்படுத்துகிறதா? இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின்படி அதைக் காட்ட முடியாததால், மருந்தைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மனு தள்ளுபடியானது. சிகிச்சைக்கென்று எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து காந்தி ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கும் குடும்பங்களை வேலூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறோம். மாத்திரை விலை அவர்களை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, நம் பக்கம் என்ன செய்திருக்கிறோம்? இப்படித் தவறான காப்புரிமைகளைத் தடுக்க 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவக் குறிப்புகளும் ஏறியிருக்கின்றன, அதுவும் ஐந்து அயல்மொழிகளில். நல்ல வேலை. ஆனால் அதற்கு மூலம் ஏற்கெனவே ஏட்டிலும் நூலிலும் இருப்பவை. ஆயாவின் வேட்டி மூட்டை எந்த நூலிலும் இல்லை. எவ்வளவு கொட்டைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை. அவள் போனதோடு அந்த அளவும் போய்விட்டது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு 2023-ல் வந்துவிட்டது. அந்தக் கத்தரிக்கு எந்தப் பட்டத்தில் விதை எடுப்பது, எப்படிச் சாம்பலில் புரட்டி வைப்பது என்று பெரியம்மாவுக்குத் தெரியும். வயது 81. வருகிற சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். அக்கா மகனும் வருகிறேன் என்றிருக்கிறான், படி அளவைக் கிலோவில் நிறுத்துப் பார்க்கத் தராசு எடுத்துவருவானாம். நோட்டின் முதல் பக்கத்தில் தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிவிட்டேன்.