ஒரே ஒரு லிங்க் அனுப்புங்க மாமா

அக்கா பையன் பி1 தேர்வுக்கு ஜெர்மன் படிக்கிறான். போன வாரம் வகுப்பில் டீச்சர் ‘லிண்டன்பாம்’ (லிண்டன் மரம்) பாட்டைப் போட்டிருக்கிறார். பையனுக்குப் பிடித்துப்போய்விட்டது. ராத்திரி பத்தரைக்கு மெசேஜ்: “மாமா, இது ஷூபர்ட்டோட ‘விண்டர்ரைசே’ல வர்ற பாட்டாமே? ஃபிஷர் டீஸ்கௌ பாடினதுதான் டாப்புன்னு சொல்றாங்க. அதுல பெஸ்ட் எது? ஒரே ஒரு லிங்க் அனுப்புங்க.”

ஒரே ஒரு லிங்க். சொல்லிவிட்டான் சுலபமாக.

டேய், ‘விண்டர்ரைசே’ என்பது ஷூபர்ட் மெட்டமைத்த 24 பாட்டுத் தொடர். பாடகர் ஃபிஷர் டீஸ்கௌ அந்த 24 பாட்டை எத்தனை தடவை பதிவு செய்தார் தெரியுமா? ஸ்டுடியோவில் பாடியது மட்டுமே ஏழு. ஜெரால்ட் மூர் பியானோவோடு 1955, 1962, 1971 என்று மூன்று. நடுவில் 1965இல் யோர்க் டெமுஸ். 1979இல் பாரன்பாய்ம், 1985இல் பிரெண்டல், 1990இல் பெரைய்யா. இதற்கு முன்னால் 1948இல் பெர்லின் ரேடியோவுக்காகப் பாடியது, அப்போது அவருக்கு 22 வயது. 1978 சால்ஸ்பர்க் மேடையில் போலினியோடு பாடியது தனி. பிரெண்டலோடு 1979இல் எடுத்த டிவி பதிவு வேறு. அதையும் 1985 டிஸ்க்கையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளே இல்லை. மொத்தம் 42 வருஷம். 22 வயசுப் பையனும் 65 வயசுக் கிழவரும் ஒரே பெயரில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இதில் ‘பெஸ்ட்’டைக் கண்டுபிடித்து, பத்தரை மணிக்கு, லிங்க்காக அனுப்ப வேண்டும்.

சரி, அனுப்பித் தொலைப்போம் என்று ஆப்பைத் திறந்தேன். அங்கேதான் ரத்தம் கொதித்தது.

மாதாமாதம் காசு கட்டுகிறேன். அந்த ஆப்பில் அவர் பெயரைத் தேடினால் பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபிரான்ஸ் ஷூபர்ட்’ என்று வருகிறது. 1828இல் 31 வயதில் செத்துப்போன மனுஷன் என்றைக்கு மைக் முன்னால் நின்றார்? அதன் கீழே பாட்டுப் பட்டியல். ‘ஷூபர்ட்: விண்டர்ரைசே, ஓபஸ் 89, டி. 911…’ மூன்று புள்ளி. அடுத்த வரியும் ‘ஷூபர்ட்: விண்டர்ரைசே, ஓபஸ் 89, டி. 911…’ மூன்று புள்ளி. இப்படியே 24 வரி. பாட்டின் பெயர் அந்த மூன்று புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. போனைப் படுக்கவைத்துத் திருப்பினாலும் வெளியே வராது. அஞ்சாவது பாட்டு எது என்று தெரிய, பஸ்ஸில் இருக்கைகளை எண்ணுவதுபோல விரல் வைத்து எண்ண வேண்டும்.

வருஷமாவது ஒழுங்காகப் போட்டிருக்கிறதா? அதுதான் இல்லை. ‘2005’ என்கிறது ஒன்று. 2005இல் ஃபிஷர் டீஸ்கௌ பாடுவதை விட்டே 12 வருஷம் ஆகிவிட்டது. 1992 டிசம்பரோடு சரி. யாரோ ரீமாஸ்டர் செய்த வருஷத்தைத் தூக்கிப் பதிவான வருஷமாகப் போட்டிருக்கிறான். மூர் பெயர் மூன்று ஆல்பத்திலும் இருக்கிறது. எது 29 வயசுக் குரல், எது 46 வயசுக் குரல்? காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டுப்புடவைக் கடையில் விலைச்சீட்டு இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் திணித்து “பாத்து எடுத்துக்குங்க” என்று தள்ளினால் எப்படி இருக்கும்? அப்படி.

காதால் கண்டுபிடிக்கலாம், அதில் எனக்கு ஒன்றும் சிரமம் இல்லை. 1955 என்றால் மோனோ. குரலில் அப்போதுதான் கறந்த பாலின் பளபளப்பு. ‘லிண்டன்பாம்’ ஆரம்பத்தில் பியானோவில் மூன்று மூன்றாகச் சலசலக்கும் ஸ்வரங்கள் வரும், இலை அசைவது மாதிரி. அந்தச் சலசலப்பு முடிந்து குரல் உள்ளே நுழையும் இடம் இருக்கிறதே, 55இல் அதில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. ஊர்க்கிணற்றடி மரத்தை நினைத்துக்கொள்கிற பையன், அவ்வளவுதான். 1971இல் அதே இடத்தில் அந்த மரம் வெட்டப்பட்டுவிட்டது என்று தெரிந்தவன் பாடுவதுபோல இருக்கும். அப்போது மூருக்கு 72 வயது. கச்சேரி மேடையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த வாசிப்பில் அவசரம் என்பதே கிடையாது.

(டீச்சர் போட்டது எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். ஜெர்மன்காரர்கள் பள்ளிக்கூடத்தில் பாடுவது சில்ஷர் என்ற இசையமைப்பாளர் எளிமைப்படுத்திய கோரஸ் வடிவம். எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு. ஷூபர்ட்டில் அப்படி இல்லை. குளிர்காற்று முகத்தில் அறைந்து தொப்பி பறக்கிற இடத்தில் பியானோ சீறும், பாட்டில் வரும் வழிப்போக்கன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். அந்தச் சீற்றத்தை எடுத்துவிட்டுத்தான் ஊரெல்லாம் இனிமையாகப் பாடுகிறார்கள். அதுவே தனிக் கோபம், இன்னொரு நாள்.)

ஆப் ஒரு பக்கம் என்றால் பண்டிதர்கள் இன்னொரு பக்கம். “62தான் கேக்கணும், மத்ததெல்லாம் சும்மா” என்பார் ஒருவர். “மூர் கூடப் பாடினதெல்லாம் பாடம் நடத்துற மாதிரி, பிரெண்டல்தான்” என்பார் அடுத்தவர். மூன்றாமவர் கையைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த்தை இழுப்பார். ஃபிஷர் டீஸ்கௌ குரலில் ‘கிரெய்ன்’ (உடம்பு படிந்த சொரசொரப்பு) இல்லை, மூச்சு மட்டும்தான் இருக்கிறது, உடம்பே இல்லை என்று 1972இல் பார்த் எழுதினாரே, படிக்கவில்லையா என்பார். படித்தேன் ஐயா. பார்த்துக்கு சார்ல் பன்ஸேரா என்ற பாடகரைப் பிடிக்கும், அது அவர் இஷ்டம். ஒவ்வொரு எழுத்தையும் பல்லில் கடித்துத் துப்புகிறார் என்ற குறைகூட ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். சில பாட்டில் ‘ட்’ டப்பென்று விழும், காதில் சுண்டுவதுபோல. ஆனால் உடம்பு இல்லையாம்! 1943 ஜனவரியில் பெர்லின் செலண்டார்ஃப் டவுன்ஹாலில் 17 வயசுப் பையனாக இதே ‘விண்டர்ரைசே’யைப் பாடிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் குண்டு விழுந்து, கேட்க வந்தவர்களோடு நிலவறைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்து, விமானங்கள் போனதும் மேலே ஏறிவந்து மிச்சத்தைப் பாடி முடித்தவரைப் பார்த்து.

கோபம் அடங்கட்டும் என்று கடைசிப் பாட்டைப் போட்டேன். ‘லையர்மான்’. ஊருக்கு வெளியே பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நின்று, கைப்பிடி சுற்றி வாசிக்கும் பெட்டி வாத்தியக்காரக் கிழவன். தட்டில் காசு இல்லை. நாய் உறுமுகிறது. பியானோவின் இடது கையில் இரண்டே ஸ்வரம், மாறவே மாறாது. முதல் இரண்டு முறை மட்டும் அதற்கு முன்னால் ஒரு சின்ன உரசல், பெட்டி இன்னும் சரியாகச் சுதி பிடிக்காத மாதிரி. பிறகு போய்விடும். நான் இந்தப் பதிவுகளை ஒப்பிடுவதே அந்த உரசலை வைத்துத்தான். ஒருவர் அழுத்துவார், ஒருவர் பட்டும் படாமல் தொடுவார். அதைக் கேட்க வால்யூமை முழுசாக ஏற்றி, ஹெட்போனைக் காதோடு அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்…

உரசலைக் காணோம். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. இதற்கு முந்தின பாட்டின் வாலையும் இதன் தலையையும் ஆப் தானாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் குழைத்துவிட்டது. பார்ட்டியில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாமல் இருக்க வைத்திருக்கிற வசதியாம், போன அப்டேட்டில் தானே ஆன் ஆகியிருக்கிறது. அடேய்! அந்த மௌனத்துக்காகத்தானடா நான் காசு கட்டுகிறேன்! 23 பாட்டு முடிந்து அந்த வெற்றிடம் வந்தால்தான் அந்தக் கிழவன் கண்ணில் படுவான். இட்லி மாவில் வத்தக்குழம்பை ஊற்றிக் கலக்கிவிட்டு “சேர்ந்தாப்ல இருக்கும், சாப்பிடு” என்கிறான்.

பாட்டு முடிந்ததா, அது முடிந்த கையோடு ஆப்பே எனக்குப் பிடிக்கும் என்று முடிவு செய்து வயலின் வைத்த ‘தூக்கத்துக்கு இதமான கிளாசிக்கல்’ ஒன்றைப் போட்டது. வால்யூம் முழுசாக இருந்தது. அடுத்த அறையில் வீட்டுக்காரி எழுந்து வந்து நின்ற நிலையை விவரிக்க விரும்பவில்லை.

மணி பன்னிரண்டே கால். பையன் ஆன்லைனில்தான் இருந்தான். எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், வாரத்துக்கு ஒன்று சொல்வேன். மழை நாளில் 1971. யார் மீதாவது எரிச்சலாக இருந்தால் 1985. அதில் பிரெண்டல் ஒரு இடத்திலும் தலையைத் தடவிக் கொடுக்க மாட்டார். 1990ஐ அடிக்கடி கேட்க மாட்டேன். குரல் தேய்ந்துவிட்டது, மேல் ஸ்வரங்களில் வலிக்கிறது. ஆனாலும் ‘லையர்மான்’ அதில் மட்டும்தான் நிஜமாகவே ஒரு கிழவன் பாடுவது. இதையெல்லாம் டைப் செய்தேன். நாலு பத்தி வந்தது. படித்துப் பார்த்தேன், மூன்றாவது பண்டிதர் மாதிரியே இருந்தது. அழித்துவிட்டு 1971 லிங்க்கை மட்டும் அனுப்பினேன். கூடவே, “வரிசையா, முதல்லேர்ந்து கேளு. இடையில நிறுத்தாத” என்று ஒரு வரி.

இரண்டு நீல டிக். பத்து நிமிஷம் கழித்துப் பதில்.

“மாமா, சூப்பர். ஆனா முதல் பாட்டே ஏன் இவ்ளோ சோகம்? வெறுங்கால், தட்டுல காசில்ல, நாய் குரைக்குது… இதுக்கப்புறம் இன்னும் 23 இருக்கா?”

ஷஃபிள். ஷஃபிளில் ஓடியிருக்கிறது.